நொட்டை அண்ணாச்சி எண்ணெய் இறுத்த கதை

திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே நொட்டை அண்ணாச்சியிடம் ஏச்சு வாங்காத சமையல்காரர் கிடையாது. அவரைத் திருப்பி ஏசாத சமையல்காரரும் கிடையாது. இந்த இரண்டு ஏச்சுகளுக்கும் நடுவில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஓர் ஆள் நின்றிருப்பான். அது நான்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு மசாலா கம்பெனியில். சாம்பார்ப் பொடி, ஊறுகாய், புளியோதரைக்கான புளிக்காய்ச்சல் என்று பாக்கெட்டில் அடைத்து விற்பார்கள். நான் நிர்வாக மேலாளர். லீவு கேட்பதிலிருந்து லாரி அமர்த்துவது வரை எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று விதி எழுதி வைத்தவன். அலுவலகச் சுவரில் பல்லி செத்து ஒட்டிக்கொண்டிருந்தால்கூட அதை எடுத்துப் போட என்னிடம் ஒரு நடைமுறை உண்டு. நொட்டை அண்ணாச்சி புதுச் சரக்கு உருவாக்குகிறவர். புளிக்காய்ச்சல் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. வேறு எங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. குறை சொல்வதை எங்கள் பக்கம் நொட்டை சொல்வது என்போம். காலையில் சூரியன் உதித்தால், "உதிச்சது சரிதான். கொஞ்சம் முந்தியே வந்திருக்கலாம்" என்று சொல்லக்கூடிய மனிதர்.

ஆனால் அவருடைய நொட்டை வெறும் குணம் அல்ல. அது ஒரு தொழில்முறை. அதை அவரே எனக்கு விளக்கினார்.

"விஷயம் தெரிஞ்சவன்ட்ட போயி, 'சொல்லித் தாரும்'னு கேட்டுப் பாரும். மீசையைத் தடவிக்கிட்டு, 'அது தொழில் ரகசியம்லா'ம்பான். 'உமக்கு ஒண்ணும் தெரியலயே'ன்னு சொல்லிப் பாரும். நம்மூர்க்காரனுக்கு ரோஷம் வந்துரும். மொத்தத்தையும் கொட்டிருவான்வே."

"அறிவை இப்படியா சம்பாதிக்கது?" என்றேன்.

"அறிவெல்லாம் கம்பெனிக்கு வெளியிலதாம்வே கெடக்கு. உள்ள கெடக்கது நீரும் நானும்."

அவர் இப்படி அறிவு சேகரிக்கப் போகும்போது நான் ஏன் கூடப் போனேன் என்று கேட்பீர்கள். வெளிவேலைக்குப் போகும் எவரும் தனியாகப் போகக் கூடாது, இன்னொருவர் உடன் செல்ல வேண்டும் என்று கம்பெனியில் ஒரு விதி இருந்தது. அவரோடு போக வேறு எவரும் சம்மதிக்கவில்லை. விதியை எழுதியவனே விதிவிலக்குக் கேட்க முடியுமா?

ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாண வீடு. அந்த ஊரில் புளியோதரை நன்றாக இருக்கும் என்பது நொட்டை அண்ணாச்சிக்குக் கிடைத்த துப்பு. எங்களுக்கு அழைப்பு கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தபோது பெண் வீட்டார் போலவும், பெண் வீட்டார் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டார் போலவும் சிரித்துக்கொண்டே பந்தியில் உட்கார்ந்தேன். நான் எம்.ஏ. படித்தவன். கண்டும் காணாததுமாகச் சிரிக்க எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. அன்று தானாக வந்தது. நொட்டை அண்ணாச்சியோ இலையை விட்டு எழுந்து, நேராகக் கொட்டகைக்குப் பின்னால் போய், சமையல்காரரான தவசுப்பிள்ளையின் முன்னால் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, புளியோதரையில பச்சப் புளி வாடை அடிக்கு?"

தவசுப்பிள்ளை கரண்டியைத் தூக்கினார். "பச்ச வாடையா? ஏலே, யாருலே நீ? புளியைக் கரைச்சு, வத்த வச்சு, நல்லெண்ணெய் மெதக்க மெதக்கக் காய்ச்சி, வெந்தயத்தையும் எள்ளையும் வறுத்துப் பொடிச்சு, அடுப்பை அணச்ச பொறவு தூவியிருக்கேன். பச்ச வாடை எங்கன இருந்துலே வரும்?"

"அடுப்பை அணச்ச பொறவா?"

"கொதிக்கையில போட்டா கசந்துரும்லே, கூமுட்ட!"

நொட்டை அண்ணாச்சி கும்பிட்டுவிட்டு வந்தார். எங்கள் புளிக்காய்ச்சல் அதுவரை கசந்துகொண்டிருந்ததற்கான காரணம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்த்து, "அவரு உங்ககூட வந்தவரா?" என்றார். "இல்லை, பஸ்ஸில் பார்த்த முகம்" என்றேன்.

எல்லா நாளும் இப்படிப் பலன் கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை பாய் நெய்கிற பத்தமடைக்குப் போனோம். பாய்க்கும் மசாலாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். "போனாத்தானவே தெரியும்" என்றார். பட்டுப்போல் நெய்த பாயைத் தடவிப் பார்த்து, "சொரசொரங்கு" என்றார். பாய் நெய்துகொண்டிருந்த அம்மாள் ஏசாமல் எழுந்தார். கோரை ஊறப்போட்டிருந்த தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு எங்கள் மேல் ஊற்றினார். தாமிரபரணித் தண்ணீர் புனிதமானதுதான், ஆனாலும் கோரை ஊறினால் நாறத்தான் செய்யும். அந்தக் கோலத்தில் பஸ்ஸில் ஏறினோம். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டே பயணம் செய்தார். கம்பெனிக்கு அன்று கிடைத்த அறிவு, அந்த அம்மாளிடம் போகக் கூடாது என்பதுதான்.

இந்த நிலையில் முதலாளியின் மகள் மேல்படிப்பு முடித்து வந்து பொறுப்பை ஏற்றார். நாங்கள் சின்ன முதலாளியம்மா என்போம். அவர் பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்து வந்தார். ஆலோசகர் சுவரில் படம் காட்டிப் பேசினார். ஒரு கம்பெனி தன் நான்கு சுவருக்குள்ளேயே புதுமையைத் தேடக் கூடாது; வாங்குகிறவரிடம், விற்கிறவரிடம், வேறு தொழில் செய்கிறவரிடம் இருக்கிற அறிவை உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது சாரம்.

"எப்படி இருந்துது அண்ணாச்சி?" என்று சின்ன முதலாளியம்மா கேட்டார்.

"இதைத்தான் நான் சம்பளத்துக்குள்ளயே பண்ணிட்டு இருக்கேன்மா. எழுத்துதான் ரொம்பப் பொடிசு" என்றார் நொட்டை அண்ணாச்சி.

வெளியறிவைப் பெறுவதற்கு ஒரு நடைமுறை எழுதும்படி எனக்கு உத்தரவு வந்தது. எழுதினேன். வெளியாள் முதலில் ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட வேண்டும். பிறகு தனக்கு என்ன தெரியும் என்று எழுதித் தர வேண்டும். அது அறிவுதானா என்று ஒரு குழு தீர்மானிக்கும். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கலாம். இதைப் படித்த ஆலோசகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சிவக்கிறது.

அப்போதுதான் துபாய் ஆர்டர் வந்தது. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் அங்கே மளிகைக் கடைகள் வைத்திருந்தார். சாகுல் காக்கா என்று பெயர். காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன். எங்கள் புளிக்காய்ச்சலை வாங்கி விற்க ஒப்புக்கொண்டார். முதல் லோடு போய்ச் சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அட்டைப்பெட்டிகள் பஜ்ஜி மடித்த காகிதம் போல எண்ணெயில் ஊறிக் கிடந்தன.

ஆலோசகர் தடித்த பாக்கெட்டில் அடைக்கச் சொன்னார், அதிலும் ஒழுகியது. இரட்டைத் தையல் போல ஓரத்தை இரண்டு தடவை ஒட்டச் சொன்னார். இரண்டையும் தாண்டி ஒழுகியது. அந்த எண்ணெய் படித்தவர்களை மதிக்கவே இல்லை.

சின்ன முதலாளியம்மா எங்களைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, அடுத்த லோடும் ஒழுகிச்சின்னா புளிக்காய்ச்சல் பிரிவை மூடிருவேன். அந்தப் பிரிவு இல்லன்னா உங்களுக்கு இங்க குடுக்க வேற வேலையும் எங்கிட்ட இல்ல."

நொட்டை அண்ணாச்சி, "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். எந்தக் குறையும் சொல்லவில்லை. மனிதர் எவ்வளவு ஆடிப்போயிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்கு வீட்டில் பேச்சுத் துணை கிடையாது. மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். அவருக்கு இருந்ததெல்லாம் கம்பெனியின் அந்த அடுப்படி ஒன்றுதான்.

சாகுல் காக்கா விடுமுறையில் ஊருக்கு வந்திருப்பதாகத் தெரிந்தது. நேரில் போய் வருத்தம் தெரிவித்து, இன்னும் ஒரு வாய்ப்புக் கேட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். "நொட்டை அண்ணாச்சி வேண்டாம்" என்று சின்ன முதலாளியம்மா தனியாகச் சொன்னார். நான் கீழே இறங்கி வந்தபோது நொட்டை அண்ணாச்சி காரில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"தனியாப் போவக் கூடாதுல்லா? உம்ம விதிதானவே?" என்றார்.

வழி முழுக்க ஒன்றையே சொல்லிக்கொண்டு போனேன். "நாம மன்னிப்புக் கேக்கப் போறோம். நீர் வாயைத் திறக்கப்படாது. சாப்பிட மட்டும் திறக்கலாம்."

சாகுல் காக்கா வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். நான் வருத்தம் தெரிவிக்க வாயெடுத்தேன். "வியாபாரம் கெடக்கட்டும். வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல சாப்பிடுங்க. நீங்க சைவம்னு கேள்விப்பட்டு, எங்க லாத்தா புதுச் சட்டி வாங்கித் தனி அடுப்புல ஆக்கியிருக்கா" என்றார். லாத்தா என்றால் அக்கா. அவர் திரைக்குப் பின்னால், பெண்கள் இருக்கும் உள்கட்டில் இருந்தார், நாங்கள் பார்க்கவில்லை.

நெய்ச்சோறு, பருப்பு, கத்தரிக்காய். ஓரத்தில் மாங்காய்த் தொக்கு. அதைக் காட்டி சாகுல் காக்கா சொன்னார்: "எங்க வீட்டுப் பிள்ளைங்க யாரு பயணம் போனாலும் இந்தத் தொக்கும் கூடப் போவும். பெட்டிக்குள்ள, சட்டைக்கு நடுவுல வச்சு அனுப்புவா. ஒரு சட்டையில கறை பட்டதில்ல."

நொட்டை அண்ணாச்சியின் கை அப்படியே நின்றது. தொக்கைத் தொட்டுப் பார்த்தார். விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. நாக்கில் வைத்தார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. நான் மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். மிதித்தது சாகுல் காக்காவின் காலை.

"என்னங்க, தொக்கு தொண்டையில நிக்கி?" என்று உள்கட்டுக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார் நொட்டை அண்ணாச்சி. "எண்ணெய் ஊத்த மறந்துட்டாவளோ? வறவறன்னு இருக்கு. இதையா துபாய்க்கு அனுப்புதீய?"

சொல்லிவிட்டு ஏச்சுக்காகக் காத்திருந்தார்.

ஏச்சு வரவில்லை. சாகுல் காக்காவின் முகம் வாடிவிட்டது. "மாப்புச் செய்யுங்க. லாத்தாவுக்கு வயசாயிட்டு. கை முன்ன மாதிரி இல்ல போல" என்று நெஞ்சில் கை வைத்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, தொக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனது. உள்ளே அடுப்புப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. விருந்தாளிகளுக்காக வேறொன்று புதிதாக ஆக்குகிறார்கள்.

"என்னவே, ஏச மாட்டேங்காவ?" என்று நொட்டை அண்ணாச்சி என் காதில் கேட்டார்.

"பேசாம இரும்."

"ஏசினாத்தானவே விஷயம் வெளிய வரும்?"

"உம்ம மானமும் எம் மானமும் வெளிய வந்தாச்சு. அது போதும்."

சரக்கை ஒழுகவிட்டு நட்டப்படுத்தியவர்கள் நாங்கள். நட்டப்பட்ட வீட்டில் உட்கார்ந்து, புதுச் சட்டியில் ஆக்கிய சோற்றைத் தின்று, ஆக்கியவரையும் குறை சொன்னவர்கள் நாங்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. உள்ளே மிக்ஸி ஓட ஓட நொட்டை அண்ணாச்சியும் குறுகிக்கொண்டே போனார். கையில் சோறு காய்ந்தது. கடைசியில், "கை கழுவிட்டு வாரேன்" என்று எழுந்து போனார்.

வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் பின்புறம் பெண்களின் கூச்சல் கேட்டது.

காயல்பட்டினத்தில் வீட்டுக்கு முன்னால் தெரு இருப்பதுபோல் பின்னால் முடுக்கு என்று ஒடுக்கமான சந்து உண்டு. அது பெண்கள் போக வர உள்ள பாதை. அந்த ஊர் ஆண்கள் அதில் தலை நீட்ட மாட்டார்கள். நொட்டை அண்ணாச்சி அடுப்படி ஜன்னலைத் தேடிக்கொண்டு அதற்குள் போய் நட்ட நடுவில் நின்றிருந்தார். நான் ஓடிப்போய் முடுக்கின் முனையில் நின்றுவிட்டேன். உள்ளே போகவும் முடியாது, ஊர்க்காரர்கள் பார்க்க அங்கே நிற்கவும் முடியாது.

"யாருங்க நீங்க? பொம்பளைங்க பொழங்குற முடுக்குல ஆம்பளைக்கு என்ன வேலை?" என்று ஓர் அம்மாள் சத்தம் போட்டார். "வயசாளியா இருக்காரு, வழி தப்பிட்டாரோ என்னமோ" என்றார் இன்னொருவர்.

நொட்டை அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. அடுப்படி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டபடி, சுவரிடம் பேசினார்.

"தாயி, தொக்கு நல்லாருந்துது. நல்லா இல்லன்னு நான் சொன்னது பொய்யி. எங்க சரக்கு ஒழுகுது. ஏன் ஒழுகுதுன்னு எனக்குத் தெரியல, ஒங்களுக்குத் தெரியும். கோவம் வந்தா சொல்லிருவீயன்னு நெனச்சேன். எனக்குக் கேட்டுப் பழக்கம் இல்ல தாயி. இதுதான் மொத தடவ."

நல்லாருந்துது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதும் அதுதான் முதல் தடவை. மிக்ஸி நின்றது.

"எண்ணெய் இருந்தா ஒழுகத்தான செய்யும்" என்றது ஜன்னலுக்கு உள்ளிருந்து ஒரு குரல். "அந்த எண்ணெயை எதுக்கு அனுப்புறீங்க? துபாய்ல எண்ணெய் கெடைக்காதா?"

முடுக்கே சிரித்தது. நொட்டை அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"நல்லாச் சுருளக் கிண்டுங்க. எறக்கின ஒடனே அடைக்காதீங்க. துணியைக் கட்டி ஆறப் போடுங்க. கக்குற எண்ணெயெல்லாம் மேல வரும், அதை இறுத்துட்டு அடைங்க. திங்கிற அன்னைக்கு அவங்க வீட்டு எண்ணெயைக் காய்ச்சி ஊத்திக்கிடட்டும்."

எங்கள் அடுப்படிச் சுவரில், 'இறக்கிய சூட்டோடு அடைக்கவும்' என்று பெரிதாக ஒட்டியிருந்தது. ஒட்டியவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயை உள்ளே நிறுத்த எத்தனையோ வழி பார்த்தோம். அதை வெளியே விட்டுவிடலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எண்ணெய் இல்லன்னா கெட்டுப் போவாதா?" என்று சுவரிடம் கேட்டார் நொட்டை அண்ணாச்சி.

"தண்ணி பட்டாக் கெடும். ஈரக் கரண்டி போடப்படாதுன்னு பாக்கெட்டுல எழுதுங்க. அதையும் நானே சொல்லணுமா?"

திரும்ப வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் நடைமுறை ஞாபகம் வந்தது. பையிலிருந்த ரகசியக் காப்புப் படிவத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினேன். சாகுல் காக்கா உள்ளே கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னார். "இதுல என்ன ரகசியம்? முடுக்குல இருக்க எல்லா வீட்டுலயும் தெரியும். எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கப் போறாங்களா?" என்ற குரல் எங்களுக்கே கேட்டது. நான் படிவத்தை வாங்கி நான்காக மடித்தேன்.

"அவங்களுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டேன். இதற்கு லாத்தா திரைக்கு அருகில் வந்து தாமே பதில் சொன்னார்.

"மாசத்துக்கு ஒருக்கா அந்த ஆளை இங்க அனுப்புங்க. நான் என்ன ஆக்கினாலும் இந்த வீட்டுல எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. உப்புப் போட மறந்த அன்னைக்கும் நல்லாருக்குங்காங்க. என் கை தடுமாறுதா இல்லையான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. குறை சொல்ல ஒரு ஆளு வேணும். ஆனா நெசமா இருந்தாத்தான் சொல்லணும்."

நொட்டை அண்ணாச்சி எழுந்து நின்றார். "நெசமாவே சொல்லுதேன் தாயி. நெய்ச்சோத்துல கிராம்பு கொஞ்சம் கூடிப்போச்சு."

"எனக்கும் அப்படித்தான் பட்டுது" என்றது திரை.

அடுத்த லோடு கிளம்புவதற்கு முன், எண்ணெய் இறுத்த பாக்கெட்டுகளைச் சோதிக்க அவருக்கு வெள்ளைச் சட்டைகள் தேவைப்பட்டன. என்னுடையவற்றை வாங்கிக்கொண்டு போனார். பாக்கெட்டுகளை அவற்றுக்கு நடுவே வைத்துப் பெட்டியைப் பூட்டி, கம்பெனி லாரியில் ஏற்றி, ஊர் ஊராக வெயிலில் சுற்ற விட்டார். சட்டைகள் சுத்தமாகத் திரும்பி வந்தன. லோடும் துபாய்க்குப் போனது. அங்கிருந்து பதில் வரும் வரை அவர் யாரையும் எதற்கும் குறை சொல்லவில்லை, கேன்டீன்காரர் பயந்து போய், "அண்ணாச்சிக்கு மேலுக்கு ஏதும் சரியில்லையா?" என்று என்னிடம் கேட்டார். கடைசியில் படம் வந்தது. அட்டைப்பெட்டிகள் காய்ந்திருந்தன. நொட்டை அண்ணாச்சி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பெட்டியைக் கோணலா அடுக்கியிருக்கான்" என்றார். நாங்கள் கைதட்டினோம்.

பிரிவு தப்பியது. பெங்களூர் ஆலோசகர் அடுத்த கூட்டத்தில், இந்த முறையை நம் கம்பெனி கண்டுபிடித்ததாகப் படம் காட்டினார். "கண்டுபிடிக்கல. கேட்டோம்" என்று நொட்டை அண்ணாச்சி எழுந்து சொன்னார். சின்ன முதலாளியம்மா என்னைப் பார்த்தார். "ஆமாம்மா, கேட்டோம். நானும் இருந்தேன்" என்றேன். அது பொய் இல்லை. முடுக்கின் முனையில் இருந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

குறை சொல்வதற்காக ஒரு மனிதரை மாதா மாதம் அனுப்ப எந்த விதியிலும் இடமில்லை. 'வாடிக்கையாளர் குறை தீர்த்தல்' என்ற தலைப்பின் கீழ் அவரைக் காரில் அனுப்பினேன். யாருடைய குறை, யார் தீர்த்தது என்று தணிக்கைக்காரர் கேட்கவில்லை.

இப்போது நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். கம்பெனி கார் கிடையாது. காயல்பட்டினத்துக்கு அவர் பஸ்ஸில் போகிறார். எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, இருந்தாலும் நானும் போகிறேன். ஏறினதும் சீட் சரியில்லை என்கிறார், டிரைவர் மெதுவாக ஓட்டுகிறார் என்கிறார், வயலில் நிற்கிற வாழையைப் பார்த்து நெட்டையாக நிற்கிறது என்கிறார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவருக்கு வெயில் ஆகாது என்பதால், வெயில் அடிக்கிற பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.